படகு மேசை சிக்கிக்கொண்டால் அதன்மேல் ஏறி நிற்காதீர்கள்

சனி, ஞாயிறு லாசரஸ் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டுவிட்டுத் திரும்பியவர்கள் திங்கட்கிழமை காலையில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். கழிவறைப் பம்ப், பேட்டரி, ஏர்கான் என்று வழக்கமான புகார்கள். நடுவில் எப்போதாவது ஒன்று இப்படி வரும்: "அண்ணே, கேபின் மேசை பாதியிலேயே நிக்குது. ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது."

சிங்கப்பூரில் உல்லாசப் படகுகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. இந்த மேசை சின்ன விஷயம்தான். ஆனால் என் தாடையில் இருக்கும் மூன்று தையல் இதனால் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

கேபின் படகில் இடம் கிடையாது. பகலில் சாப்பிடும் மேசையையே இரவில் இருக்கை மட்டத்துக்கு இறக்கி, மேலே மெத்தை விரித்தால் கட்டில். அதற்காகத்தான் மேசைக்கு அடியில் ஏறி இறங்கும் அந்த ஒற்றைக்கால். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு மூன்று அலுமினியக் குழாய்கள், இடையில் பிளாஸ்டிக் புஷ், அதாவது குழாய் வழுக்கி நகர உதவும் வளையம். சாதாரண மாடலில் ஒரு கைப்பிடியைத் திருகிப் பூட்டுவதோடு சரி. விலை கூடிய மாடலில் குழாய்க்குள் ஒரு கேஸ் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும். அலுவலக நாற்காலியை ஏற்றி இறக்குகிறதே, அதே சங்கதி. உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன்.

உங்களுடையது இதில் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மிதியையோ நெம்புகோலையோ அழுத்தியதும் மேசை தானாக மேலே வரும் என்றால் அது கேஸ் ஸ்பிரிங். அதைத் துளைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, தீ காட்டவே கூடாது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: அந்த ஸ்பிரிங்கின் விசை மேல்பலகையின் எடையையும் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்தது. பலகையைக் கழற்றிவிட்டு மிதியை அழுத்தினால் கால் சட்டென்று மேலே பாயும். நான் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தபோது, உதவிக்கு வந்த தம்பி தெரியாமல் மிதியை மிதித்துவிட்டான். அந்தத் தையல் அப்படி வந்ததுதான். சிக்கிய கால் திடீரென்று விடுபட்டாலும் இதே கதைதான், அதனால் முகத்தை அதற்கு நேர்மேலே கொண்டுபோகாதீர்கள்.

போன மாதம் பார்த்த படகில் படகுக்காரர் ஏற்கெனவே இரண்டு நாள் போராடியிருந்தார். ஸ்பிரே அடித்திருக்கிறார், ரப்பர் சுத்தியலால் தட்டியிருக்கிறார், கடைசியில் அவருடைய மச்சான் மேசையின் ஓரத்தில் ஏறி நின்றிருக்கிறார். மச்சான் நல்ல கனமான ஆள்.

மேசை டிராயரை ஒரு மூலையில் மட்டும் பிடித்து இழுத்துப் பாருங்கள், கோணிக்கொண்டு நின்றுவிடும். பலமாக இழுத்தால் இன்னும் இறுகும். இங்கேயும் அதேதான். ஓரத்தில் எடை வைத்தால் குழாய் சாய்ந்து, புஷ்ஷின் மேல் விளிம்பு ஒரு பக்கமும் கீழ் விளிம்பு மறுபக்கமும் கவ்விப் பிடிக்கும். அப்புறம் எத்தனை பேர் ஏறினாலும் அந்த எடை கவ்வுவதற்குத்தான் போகும், இறங்குவதற்குப் போகாது. அழுத்துவதானால் காலுக்கு நேர்மேலே, நடுவில் அழுத்த வேண்டும். இல்லையென்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே சமயத்தில் அழுத்த வேண்டும்.

நான் முதலில் பார்த்தது பூட்டு திறக்கிறதா என்றுதான். மிதியிலிருந்து போகும் கேபிள் தொய்ந்திருந்தால் ஸ்பிரிங் தலையில் பூட்டைத் திறக்கும் ஊசி முழுசாக அழுந்தாது. சில மில்லிமீட்டர் குறைந்தாலே போதும், மேசை கல்லாகிவிடும். கேபிளை இறுக்கினால் வேலை முடிந்தது. இங்கே கேபிள் சரியாக இருந்தது. ஆனால் நடுக்குழாய் நுழையும் விளிம்பில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளை வளையம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நீந்திவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தால் பலகையில் வடிவது காலில்தான் இறங்கும். தண்ணீர் காயும், உப்பு தங்கும், காற்றின் ஈரத்தைத் திரும்பத் திரும்ப இழுக்கும். அலுமினியத்தோடு துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவும் சேர்ந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். கரைந்து வரும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைக்கும். மயிரிழை இடைவெளியில் ஆப்பு வைத்த மாதிரி.

உப்பைக் கரைக்க எண்ணெய் உதவாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை விளிம்பைச் சுற்றிக் கட்டி, பழைய டூத் பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்து ஒரு மணி நேரம் விட்டேன். அதற்குள் ஒரு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். நன்றாகத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் ஊடுருவும் எண்ணெய். அதையும் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். இங்கே ஒரு எச்சரிக்கை. பல ஸ்பிரே டப்பாக்களில் உந்துவாயுவாக இருப்பது சமையல் கேஸ் வகைதான். காற்றைவிடக் கனம், நேராகப் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். பெட்ரோல் என்ஜின் படகில் ஆவி ஏற்கெனவே இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், அடிக்கிற நேரத்தில் சுவிட்சுகளைத் தொடாதீர்கள்.

மறுநாள் காலை மிதியை அழுத்தி, நடுவில் கை வைத்து ஒரு சென்டிமீட்டர் கீழே, அரை சென்டிமீட்டர் மேலே, மறுபடி கீழே என்று விளையாட்டுக் காட்டினேன். இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டது.

குழாயில் சுத்தியல் கீறல்கள் இருந்தன. "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடலாமாண்ணே?" என்றார் படகுக்காரர். வேண்டவே வேண்டாம். அலுமினியத்தின் மேல் இருக்கும் அந்தக் காப்புப்படலம் தலைமுடியைவிட மெல்லியது, தேய்த்தால் போய்விடும். அப்புறம் உப்புக்கு விருந்துதான். கிரீஸும் வேண்டாம், மெத்தைப் பஞ்சும் உப்பும் அதில் ஒட்டிப் பசையாகிவிடும். காய்ந்தபின் வழுவழுப்பு மட்டும் தங்கும் சிலிக்கான் அல்லது டெஃப்லான் ஸ்பிரே மெல்லிசாகப் போதும்.

கட்டிலாக்கும்போது பலகையின் ஓரங்கள் இருக்கையின் விளிம்புச் சட்டங்களில் உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். அந்தரத்தில் விட்டுப் படுத்தால், தூங்குகிறவர்களின் மொத்த எடையையும் அந்த ஒற்றைக்கால் தாங்க வேண்டும்.

கிளம்பும் முன் காலின் அடித்தட்டை ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. மச்சான் ஏறி நின்றதில் தரையைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களில் இரண்டு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஒன்றைக் கழற்றினால் துளையிலிருந்து ஈர மரத்தூள் வந்தது. பிளைவுட்டுக்குள் தண்ணீர் இறங்க ஆரம்பித்திருந்தது. காய வைத்து, எபாக்சி பசை ஊற்றி, புதிதாகத் துளை போட மூன்று நாள் ஆயிற்று. பில்லில் மேசைக்கென்று நான் போட்டது ஒரு காலை நேரக் கூலி மட்டும்.