மூக்கு நுனியில் புறப்படும் ஒரே கோடு

பிரெஞ்சுக் கலைஞர் க்ளோட் மெல்லான் 1649-இல் செப்புத் தகட்டில் செதுக்கிய 'வெரோனிக்காவின் துணி', சுமார் 43 செ.மீ. உயரமுள்ள அச்சுப்படம். இயேசுவின் முகம், முள்முடி, ரத்தத் துளிகள், தாடி எல்லாமே ஒரே சுருள் கோடு. மூக்கு நுனியில் புறப்பட்டுச் சுற்றிச் சுற்றி வெளியே விரிகிறது.

சிலுவை சுமந்து போன இயேசுவின் முகத்தை வெரோனிக்கா துடைத்ததும் துணியில் அது பதிந்தது என்பது ஐதீகம். மனிதக் கை தீட்டாத உருவம். படத்தின் அடியில் உள்ள லத்தீன் வரி, 'ஒப்பற்ற ஒருவர் ஒன்றால் உருவாகிறார், வேறில்லை' என்கிறது. அந்த 'ஒன்று' கோட்டையும் குறிக்கும். பக்தியோடு தொழில் செருக்கும் சேர்ந்த வரி!

நிழல் வேண்டுமென்றால் மற்றவர்கள் கோட்டின் மேல் குறுக்குக்கோடு போடுவார்கள். மெல்லான் இங்கே தடிமனை மட்டும் மாற்றினார். சுற்றுகளின் இடைவெளி ஏறத்தாழ ஒன்றுதான். கோடு தடிக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் குறைவாகத் தெரிகிறது. எட்ட நின்றால் கண் இரண்டையும் கலந்து சாம்பல் நிறமாகப் பார்க்கிறது.

தடிமனைத் தருவது ஆழம். பியூரின் என்ற செதுக்கு உளி, நுனி சாய்வாகத் தீட்டிய சதுர எஃகுக் கம்பி. அது தோண்டும் பள்ளம் மேலே அகன்று அடியில் கூராக இருக்கும். ஆழம் கூடினால் அகலமும் கூடும். கைப்பிடியை மயிரிழை உயர்த்தினாலே ஆழம் மாறும். அதிகம் உயர்த்தினால் முனை செம்பில் குத்தி நிற்கும், ஒடியவும் செய்யும். மிகத் தாழ்த்தினால் வழுக்கித் தகட்டைக் கீறிவிடும். வளைவுக்குக் கை வளைவதில்லை. மணல் அடைத்த தோல் மெத்தைமேல் தகட்டை இடக்கை திருப்ப, வலக்கை உளியைத் தள்ளும். ஒரே கோடு என்பதால் ஒரே மூச்சில் இழுத்தது என்று எண்ண வேண்டாம். உளியை அடிக்கடி தீட்டியாக வேண்டும். விட்ட இடத்தில் இணைப்பு தெரியாமல் மறுபடி நுழைவதுதான் கஷ்டம்.

பிசகினால் அந்த இடத்தைச் சுரண்டித் தேய்த்து, பின்புறம் சுத்தியலால் தட்டிச் சமன்செய்து மீண்டும் வெட்டலாம். குறுக்குக்கோட்டு வலையில் சிறு பிழை ஒளிந்துகொள்ளும். இங்கே ஒரு சுற்று தடித்தாலும் முகத்தில் வளையம் விழும்.

அச்சிடும்போது தகட்டில் எண்ணெய் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாள் வைத்து உருளை அழுத்தியில் செலுத்துவார்கள். பள்ளத்து மையை ஈரத்தாள் உறிஞ்சும். அழுத்தித் துடைத்தால் மெல்லிய கோடுகளின் மையும் போய்விடும். ஒவ்வொரு அச்சுக்கும் செம்பு தேய்கிறது. ஆழமில்லாத கோடுகளே முதலில் மங்கும். எனவே தகடு தேயத் தேய, ஒளிபட்ட மூக்கும் நெற்றியும் முதலில் வெளிறும்; தாடியின் இருட்டு நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.