உண்ணிச்செடியை எந்த இடத்தில் அறுப்பது?

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் சாலையோரம் தெரியும் பச்சையில் பெரும்பங்கு, மான் வாய் வைக்காத உண்ணிச்செடி. 1800களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் அழகுக்காகக் கொண்டுவந்து வைத்த மத்திய, தென் அமெரிக்கச் செடி இது. இலையிலுள்ள லாண்டடீன் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கும். தின்ற மாட்டுக்குக் காமாலை கண்டு, வெயில் படும் தோல் வெடித்துப் புண்ணாகும். அதனால் கால்நடையும் மானும் இதை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள புல்லையே மேய்கின்றன. புல் குறையக் குறைய புதர் அகலமாகிறது.

இதை ஒழிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அரிவாளை எடுத்து முழங்கால் உயரத்தில் வெட்டுகிறார்கள். அது செடிக்குக் கவாத்து செய்வது போலத்தான். அடுத்த மழைக்கு ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தளிர் நிற்கும். தீ வைத்தாலும் அப்படியே, மேல்பகுதி கருகும், அடிக்கட்டை துளிர்க்கும். ஜேசிபி விட்டுப் பிடுங்கினால் மண் புரண்டு, புதைந்து கிடந்த விதையெல்லாம் ஒரே மழையில் முளைக்கும். அங்கிருந்த புல்லின் வேரும் நெல்லி, வேங்கைக் கன்றுகளும் அதோடு போய்விடும்.

செடியின் அடியைக் கையால் மண் விலக்கிப் பாருங்கள். தண்டும் வேரும் சேரும் இடம் முண்டு முண்டாகத் தடித்திருக்கும். துளிர்கள் கிளம்புவது அங்கிருந்துதான். அந்த முண்டுக்குக் கீழே, மண்மட்டத்திலிருந்து 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை அறுக்க வேண்டும். ஒருவர் புதரைக் கவைக்கோலால் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் குந்தாலியின் பட்டை முனையைச் சாய்வாக இறக்கினால் இரண்டு மூன்று வெட்டில் விடும். முண்டு மண்ணுக்குள் தங்கிவிட்டால் செய்த வேலை வீண். வெளியே எடுத்த செடியின் அடியைப் பார்த்து முண்டு முழுதாக வந்துவிட்டதா என்று ஒவ்வொரு செடியிலும் உறுதி செய்யுங்கள்.

பிடுங்கிய புதரை வேர் மேலே, கிளை கீழே என்று தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஈரமண்ணில் படுத்த தண்டு கணுவில் வேர்விடும். வெட்டிப் போட்டுவிட்டுப் போகும் இடங்களில் புதர் திரும்பி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். காய் கறுக்கும் முன்பே வேலையை முடித்துவிடுவது நல்லது. கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று ஊரெல்லாம் விதைக்கும். கோடைமழையில் மண் இளகியிருக்கும் வேளை வேர் அறுக்க வசதி. புதருக்குள் நுழையும் முன் சத்தம் கொடுங்கள். காட்டுப்பன்றியும் கரடியும் பகலில் அதற்குள்தான் படுத்திருக்கும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடியைக்கூடத் தொடக் கூடாது.

எங்கே தொடங்குவது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். அடர்ந்த புதர்தான் கண்ணை உறுத்தும், ஆனால் முதலில் கை வைக்க வேண்டியது செடி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் நல்ல காட்டில். அங்கே புல் இன்னும் உயிரோடு இருக்கிறது, குறைந்த ஆளில் நிறைய இடத்தைக் காப்பாற்றலாம். ஓடைக்கரை என்றால் மேலிருந்து கீழே வாருங்கள், வெள்ளம் விதையைத் திரும்பக் கொண்டுவராது.

வெட்டுக்கூலிக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், களைக்கூலிக்கு ஒதுக்குவதில்லை. இது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருவது. குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு, ஒவ்வொரு மழைக்குப் பிறகும் போய் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும். குறிப்பாகப் பறவை உட்காரும் பெரிய மரங்களின் அடியில் பாருங்கள். சாண் உயரத்தில் இரண்டு விரலால் வருவது, அடுத்த ஆண்டு குந்தாலி கேட்கும். எத்தனை ஏக்கருக்கு இந்தக் களையெடுப்பு முடியுமோ அத்தனை ஏக்கர் மட்டும் வெட்டுங்கள்.

வெறும் மண்ணாக விட்டால் அந்த இடத்தைப் பார்த்தீனியம் பிடிக்கும். பக்கத்துக் காட்டிலேயே முற்றிய ஊசிப்புல், மாந்தப்புல் கதிர்களை முன்கூட்டியே சேகரித்து வைத்து, மழைக்கு முன் தூவி, காய்ந்த உண்ணிக் குச்சிகளை மேலே பரப்பிவிட்டால் மேய்ச்சலிலிருந்து தப்பும். மரக்கன்று அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும்.