ஹைபோகலீமியா: இரத்தப் பொட்டாசியக் குறைவு

சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் வயிற்று டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றுக்குள் ஒரு பைத் திரவத்தை விட்டு, கழிவோடு வடித்தெடுக்கும் சிகிச்சை) செய்துகொள்பவரின் வீட்டில் ‘பொட்டாசியம் எறங்கிடுச்சு’ என்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் அதுதான் ஹைபோகலீமியா.

கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ கீழே, ‘ஹைமா’ இரத்தம். நடுவில் உள்ள ‘கலி’க்குத்தான் கதை உண்டு. அரபியில் ‘அல் கலி’ என்பது உவர்நிலச் செடியை எரித்த சாம்பல். அது லத்தீனில் ‘காலியம்’ ஆனது; பொட்டாசியத்தின் குறியீடு ‘கே’ என்றானது அதனால்தான். பொட்டாசியம் என்ற பெயரும் பானையில் காய்ச்சிய சாம்பலிலிருந்தே வந்தது. 1807இல் ஹம்ஃப்ரி டேவி அந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தார். வேடிக்கை என்னவென்றால், உவர்நிலச் செடியின் சாம்பலில் மிகுதியாக இருப்பது சோடியம்! வெளுப்பவர்களால் பெயர்பெற்ற வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு துணி வெளுக்க உதவும் இந்தச் சாம்பல் காரத்தின் சங்கதி புதிதல்ல.

இதைப் ‘பொட்டாசியப் பற்றாக்குறை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. உடம்பில் சரக்கு இருந்தும் இரத்தத்தில் அளவு குறையலாம். வயிற்றில் விடும் திரவத்தில் குளுக்கோஸ் உண்டு. அது இன்சுலினைத் தூண்ட, பொட்டாசியம் செல்களுக்குள் போய்விடும். அந்தத் திரவத்தில் பொதுவாகப் பொட்டாசியமே கிடையாது என்பதால், ஒவ்வொரு பை மாற்றும்போதும் கொஞ்சம் வெளியேறும். பசியில்லாமல் சாப்பாடும் குறைந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே ‘இரத்தப் பொட்டாசியக் குறைவு’ என்பதே பொருத்தம். லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால் இந்தப் பெயர்.

எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும் ஹைப்பர்கலீமியா இதற்கு நேரெதிர், பொட்டாசிய மிகுதி. ‘எளநீ குடிக்காதே, வாழப்பழம் தொடாதே’ என்று சிறுநீரக நோயாளிகளை மிரட்டுவது அந்த மிகுதிக்காக. வயிற்று டயாலிசிஸ்காரரும் அதே பயத்தில் எல்லாவற்றையும் ஒதுக்கினால் அளவு இன்னும் இறங்கும்.

இறங்கினால் குடலின் அசைவு மந்தமாகும், மலச்சிக்கல் வரும். அப்போது குடல் கிருமிகள் சுவரைத் தாண்டி வயிற்று உள்ளுறைக்குள் புகுவது எளிதாகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படி வருவது பெரிடோனைட்டிஸ், வயிற்று உள்ளுறை அழற்சி. பொட்டாசியத்தை 4 முதல் 5 வரை வைத்திருந்தவர்களுக்கு முதல் தொற்று தள்ளிப்போனதாக 2022இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது.

அதற்காக இளநீரைத் தாமாகவே குடிக்கத் தொடங்கக்கூடாது. இரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். வடிந்த திரவம் கலங்கலாக இருந்தாலோ வயிறு வலித்தாலோ, அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அன்றே டயாலிசிஸ் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.