ஆயிரத்தில் ஒரு பாக்கெட் போதுமா?

இரவு ஒன்பது மணிக்கு வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது, ஆனால் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வேகம் நன்றாகவே காட்டுகிறது. டெஸ்ட் பொய் சொல்லவில்லை. அந்தச் சில விநாடிகளில், அது தேர்ந்தெடுத்த ஒரு சர்வர் வரை வழி எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது. நிஜமாக ஓடும் டிராஃபிக் என்ன பாடு படுகிறது என்று தெரிய, இணைய நிறுவனத்தின் ரவுட்டர் பக்கம் போக வேண்டும்.

இணையத்தில் எதுவும் பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகிறது. 10 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 1000 கோடி பிட்) லிங்க் ஒன்று நிரம்பி ஓடினால், பாக்கெட்டுக்குச் சராசரி 1000 பைட் என்று வைத்தாலும் விநாடிக்கு 12.5 லட்சம் பாக்கெட். எல்லாம் 64 பைட் பொடிசுகள் என்றால் சுமார் 1.49 கோடி! ஒவ்வொன்றையும் குறித்துவைக்க முடியாது. அதனால் ஆயிரத்தில் ஒன்றை எடுத்து, எங்கிருந்து எங்கே போகிறது, எவ்வளவு நீளம் என்ற விவரத்தை மட்டும் கணக்குப் பார்க்கும் ஒரு கணினிக்கு அனுப்பிவைக்கிறார்கள். 2001-ல் ஆர்எஃப்சி 3176 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்த எஸ்ஃபுளோ என்ற முறை செய்வது இதைத்தான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் பானை முழுக்க ஒரே அரிசி, ஒரே தீ. இங்கே அப்படியில்லை. அதனால் சரியாக ஆயிரமாவது, இரண்டாயிரமாவது என்று எண்ணி எடுக்காமல் குத்துமதிப்பாகத் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீரான இடைவெளியில் வரும் டிராஃபிக்கோடு ஒத்துப்போய்க் கணக்கு கெடும். அப்புறம், பிழை எத்தனையில் ஒன்று எடுத்தோம் என்பதைவிட, கையில் எத்தனை மாதிரி சேர்ந்தது என்பதைப் பொறுத்தது: 196-ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், நூற்றில் 95 முறை சதவீதப் பிழை அந்த எல்லைக்குள் இருக்கும். வீடியோவுக்கு 10,000 மாதிரி கிடைத்தால் பிழை 2 சதவீதத்துக்குள். ஏதோ ஒரு கேமுக்கு 100 தான் என்றால் கிட்டத்தட்ட 20. பத்தே பாக்கெட்டில் முடியும் சின்னத் தொடர்பு கண்ணில் படும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான்.

சரி, யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. தாமதம்? அதற்கு ஒரே பாக்கெட்டை இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். இரண்டு ரவுட்டரும் தனித்தனியே சீட்டுக் குலுக்கினால், இரண்டிலும் ஒரே பாக்கெட் விழுவது பத்து லட்சத்தில் ஒரு முறை. 2000-ல் டஃபீல்ட், கிராஸ்கிளாஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன வழி எனக்கு இன்றும் அழகாகப் படுகிறது. பாக்கெட்டின் உள்ளடக்கத்தையே ஒரு ஹேஷ் கணக்கில் (ஒரே உள்ளடக்கத்துக்கு எப்போதும் ஒரே எண்ணைத் தரும் கணக்கு) போடு, விடை குறிப்பிட்ட எல்லைக்குள் வந்தால் எடு. எல்லா ரவுட்டரிலும் அதே கணக்கு என்பதால், ஒன்று எடுத்த பாக்கெட்டை வழியில் உள்ள மற்றவையும் எடுக்கும், ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவே வேண்டாம். டிடிஎல் (ரவுட்டரைத் தாண்டத் தாண்டக் குறையும் எண்) போல ஒவ்வொரு ரவுட்டரிலும் மாறும் எண்களை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. இரண்டு இடத்து நேரத்தையும் கழித்தால் தாமதம். முதலில் தெரிந்து அடுத்ததில் வராவிட்டால், அநேகமாக நடுவில் தொலைந்தது. தாமதத்தை மில்லிவிநாடிக்கும் கீழே பார்க்க வேண்டுமானால் இரண்டு ரவுட்டரின் கடிகாரமும் அந்த அளவுக்கு ஒத்துப்போக வேண்டும், அதற்கு ஜிபிஎஸ் உதவும்.