ஒளியிழை: நாரா, இழையா?

தகவலை ஒளியாகக் கடத்தும் மெல்லிய கண்ணாடிக் கம்பிதான் 'ஆப்டிகல் ஃபைபர்'. அதற்குத் தமிழில் ஒளியிழை, ஒளிநார், கண்ணாடியிழை என மூன்று சொற்கள் புழங்குகின்றன. இதில் கண்ணாடியிழையை முதலிலேயே தள்ளிவிடலாம். படகும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற ஃபைபர்கிளாஸுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

'ஃபைபர்' லத்தீன் 'ஃபிப்ரா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'ஆப்டிகல்' பார்வையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரைப் பரப்பியவர் பஞ்சாபில் பிறந்த இயற்பியலாளர் நரிந்தர் சிங் கபானி. 1960-ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அந்தத் தலைப்பிலேயே எழுதினார்.

சரி, நாரா, இழையா? ஆங்கிலத்தில் சாப்பாட்டில் இருப்பதும் ஃபைபர்தான், இதுவும் ஃபைபர்தான். தமிழ் அப்படி விடாது. நார் ஏற்கெனவே மட்டையில் இருக்கிறது, நாம் உரித்து எடுக்கிறோம். இழை நாம் உண்டாக்குவது; 'இழைத்தல்' என்றாலே செய்தல் என்றும் பொருள் உண்டு. (ஆயிழை, சேயிழை என்பவற்றில் வரும் இழை நகை; அது வேறு.) செய்முறையைப் பார்த்தால் இழைதான் பொருத்தம்.

முதலில் ஒரு குவார்ட்ஸ் குழாயைச் சுழலவிட்டு, வெளியே சுடரைக் காட்டி, உள்ளே சிலிக்கான் டெட்ராகுளோரைடு ஆவியையும் ஆக்சிஜனையும் செலுத்துவார்கள். வெண்மையான சிலிக்கா தூள் உட்சுவரில் படிந்து, சூட்டில் உருகிக் கண்ணாடியாகும். ஜெர்மேனியம் சேர்த்தால் ஒளிவிலகல் எண் (கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறும், ஃப்ளூரின் சேர்த்தால் இறங்கும். ஏறிய பகுதி ஒளி செல்லும் உள்ளகம், சுற்றியிருப்பது உறை. அப்புறம் குழாயை இன்னும் சூடாக்கினால் அது சுருங்கி, துளை மூடி, திண்ணென்ற தண்டாகும். இந்தத் தண்டுதான் 'ப்ரீஃபார்ம்', தமிழில் முன்வடிவம். 'முன்மாதிரி' என்று எழுதக் கூடாது, அது ப்ரோட்டோடைப்.

முன்வடிவத்தை உயரமான கோபுரத்தின் உச்சியில் தொங்கவிட்டு, சுமார் 2000 டிகிரி செல்சியஸ் உலைக்குள் மெல்ல இறக்குவார்கள். நுனி இளகி, ஒரு சொட்டு தன் பின்னே இழையை இழுத்துக்கொண்டு விழும். சொட்டை வெட்டிவிட்டு, இழையைக் கீழே உருளையில் மாட்டி இழுப்பார்கள். 2 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள தண்டு, 125 மைக்ரான் (0.125 மி.மீ.) விட்டத்தில் சுமார் 25 கி.மீ. இழையாகும். உருளையைத் தொடும் முன்பே அதன்மேல் பாலிமர் பூசி, புற ஊதா ஒளியில் இறுகச் செய்ய வேண்டும். வெறும் கண்ணாடியில் சின்னக் கீறல் விழுந்தாலும் இழை அறுந்துபோகும்.

'ஸ்பெஷால்டி ஃபைபர்' என்பது சிறப்பு ஒளியிழை. சிறப்பெல்லாம் பெரும்பாலும் முன்வடிவத்திலேயே முடிவாகிவிடும். ஒளியைப் பெருக்கும் இழைக்கு, உருகாத தூளை எர்பியம் என்ற உலோகத்தின் உப்புக் கரைசலில் ஊறவைத்து உலர்த்துவார்கள். நெடுக நுண்துளைகள் ஓடும் ஒளிப்படிக இழைக்கு நுண்குழாய்களை அடுக்கிக் கட்டி அப்படியே இழுப்பார்கள். நடுவில் பெரிய துளை விட்டால் ஒளி காற்றிலேயே போகும். அதற்கு 'வெற்று உள்ளக ஒளியிழை' என்கிற பெயர் போதும்.

மண்ணில் புதைக்கும் கேபிளை ஒளியிழை என்று சொல்ல வேண்டாம். பல இழைகளைச் சேர்த்து மேலுறை போட்ட அது, ஒளியிழை வடம்.