‘போயிங் 737 நியோ’வுக்கு பைலட் தேவையாம்

போன மாதம் ஒரு மாலை நாமக்கல்லிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நான் முன்பு நேவிகேஷன் பாடம் எடுத்த பையனின் அப்பா. நாலு லாரி வைத்து ஓட்டுகிறவர். “சார், பையனுக்கு வேலை ஆயிருச்சுங்க. துபாய் கம்பெனி. சிமுலேட்டர் டெஸ்டுக்கு மட்டும் நாளைக்குள்ள 1,85,000 கட்டோணுமாம், சேர்ந்ததும் திருப்பிக் குடுத்துருவாங்களாம். கட்டிரலாங்களா?” அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆஃபர் லெட்டரை அனுப்பச் சொன்னேன். முத்திரை, கையெழுத்து, சம்பள விவரம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பதவி: ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது கோ-பைலட், போயிங் 737 நியோ. நியோ என்பது ஏர்பஸ் 320 வகையின் பெயர். போயிங் 737-இன் புதிய வரிசைக்கு மேக்ஸ் என்று பெயர். தன் விமானம் எது என்றே தெரியாத கம்பெனியா ஆள் எடுக்கிறது? பையனிடம் கேட்டேன். அவனும் கவனித்திருக்கிறான். “டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சேன் சார்” என்றான். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கையில் வாங்கி இரண்டு வருடம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

“வேலைக்குப் பணம் கேட்டால் மோசடி” என்று எல்லா விழிப்புணர்வு அறிவிப்பிலும் போடுகிறார்கள். மற்றத் துறைகளுக்கு அது போதும். எங்கள் பையன்களுக்குப் போதாது. காரணம், இங்கே ஆரம்பத்திலிருந்தே பணம் கட்டிக் கட்டிப் பழகிவிட்டோம். 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்குவதற்குள் பல லட்சம் போய்விடும். அதன்பின் 320-க்கோ 737-க்கோ டைப் ரேட்டிங், அதாவது அந்தக் குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி, எடுக்க இன்னும் சில லட்சங்கள். விமான நிறுவனங்கள் புதியவர்களைப் பயிற்சிக்கு எடுக்கும் நிஜமான கேடட் திட்டங்களிலேயே நுழைவுத் தேர்வுக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். அதனால் ஒருவன் “சிமுலேட்டர் கட்டணம்” என்று சொன்னால் அது நமக்கு விநோதமாகவே படாது. இதை மோசடிக்காரன் நம்மைவிட நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறான்.

ஆகவே யாருக்கு, எதற்காகக் கட்டுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சிக்கான பணம், நம் நாட்டு விமானத் துறை ஒழுங்காற்று அமைப்பான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு, முறையான ரசீதோடு போகும். வேலை தரும் கம்பெனிக்குக் கட்டும் பணம் என்று ஒன்று கிடையாது. விசா கட்டணம், பாதுகாப்பு டெபாசிட், ஃபைல் கட்டணம் என்று ஒரு தனிநபரின் கணக்குக்கோ யுபிஐ எண்ணுக்கோ கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

புதியவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஒரு கம்பெனி படுத்தால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பைலட்டுகள் வேலை தேடி நிற்பார்கள். வாட்ஸாப் குழுக்களில் வெளிநாட்டுக் காண்ட்ராக்ட் விளம்பரங்கள் குவியும். வெளிநாட்டு விமான நிறுவனங்கள் பலவும் ஏஜென்சி மூலமே ஆள் எடுப்பதால், நடுவில் ஒருவர் வருவது நமக்கு இயல்பாகவே தெரியும்.

அப்படி வேலை இழந்த என் நண்பர் ஒருவர், 6,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த கமாண்டர் (விமானத்தின் தலைமைப் பைலட்), ஒரு ‘ஏஜென்சி’க்கு பாஸ்போர்ட், லைசென்ஸ், மெடிக்கல், பறந்த நேரத்தைப் பதியும் லாக்புக்கின் கடைசிப் பக்கங்கள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டார். வாட்ஸாப்பில் இன்டர்வியூவும் நடந்தது. “உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன” என்று கேட்டார்களாம். டேக்ஆஃபில் இன்ஜின் போனால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை! அப்புறம், லைசென்ஸ் சரிபார்ப்புக்கு 600 டாலர் கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. லைசென்ஸ் உண்மையா என்பது அந்த நாட்டு விமானத் துறையும் நம் டிஜிசிஏவும் தங்களுக்குள் உறுதி செய்துகொள்ளும் விஷயம். அதில் ஏஜென்ட்டுக்குக் கட்ட வேண்டியது எதுவும் இல்லை.

பணம் தப்பித்தது, ஆவணங்கள் போயின. எனக்கு அதுதான் பெரிய கவலை. போலி மதிப்பெண் பட்டியல் காட்டி லைசென்ஸ் வாங்கிய பைலட்டுகள் 2011-இல் கைதானது பலருக்கு நினைவிருக்கும். ஒரு கமாண்டரின் நிஜமான லாக்புக் பக்கம் தப்பான கையில் கிடைத்தால் அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று யோசித்துப் பாருங்கள். அதிலிருந்து நான் எந்த ஸ்கேனை அனுப்பினாலும் குறுக்கே தேதியையும் கம்பெனி பெயரையும் எழுதித்தான் அனுப்புகிறேன்.

இன்னொரு அடையாளம் உண்டு. “15 நாளில் சேர வேண்டும்” என்பார்கள். 2017-இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, கம்பெனியை விட்டு விலகும் கமாண்டர் ஓராண்டும், கோ-பைலட் ஆறு மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். இந்தியாவிலிருந்து ஆள் எடுத்துப் பழகிய எந்த ஏஜென்சிக்கும் இது தெரியும். இப்போது வேலையில் இருப்பவரிடம் நோட்டீஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன், ஆள் எடுக்க வந்தவன் இல்லை.

மெயில் முகவரியைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இப்போது ஜிமெயிலில் வருவதில்லை. கம்பெனி பெயருக்குப் பின்னால் ஒரு சின்னக் கோடும் ‘கேரியர்ஸ்’ (careers) என்ற சொல்லும் சேர்த்துப் புது முகவரி வாங்கிவிடுகிறார்கள். லிங்க்கை அழுத்தாமல் கம்பெனியின் இணையதளத்துக்கு நீங்களே போய், அந்த வேலை அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் இந்திய ஏஜென்ட் என்றால், 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடலாம். பதிவு பெற்ற ஏஜென்ட்டே தன் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்க முடியும். பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு இரண்டு நாள் உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு.

நாமக்கல் பையனை ஒரு பதில் மட்டும் எழுதச் சொன்னேன்: எந்த ஊர், எந்தப் பயிற்சி மையம் என்று சொல்லுங்கள், அங்கேயே நேரில் கட்டிவிடுகிறேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இன்றே கட்டினால் பாதிப் பணம் போதுமாம்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: “ஓட்டை வண்டிய தள்ளிவிடறப்ப நாங்க பேசற பேச்சாச்சேங்க இது.”