தையில் பிறந்த பிள்ளைக்குத் தரம் ஒன்று எந்த ஆண்டு?

மலையகத்தில் தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்கப் போன பெற்றோர் பலர் ஒரு முழு ஆண்டை இழந்திருக்கிறார்கள். பிள்ளையிடமோ பெற்றோரிடமோ குறை இருந்ததால் அல்ல. ஒரே ஒரு திகதியை யாரும் அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லாததாலேயே இது நேர்கிறது. அந்தத் திகதி ஜனவரி 31.

சட்டப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பிள்ளை பாடசாலைக்குச் செல்வது இலங்கையில் கட்டாயம். முதலில் பதினான்கு வயது வரை என்றிருந்தது, 2016இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. தரம் ஒன்றில் சேர்வதற்கு, சேரும் ஆண்டின் ஜனவரி 31ஆம் திகதியன்று பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். அதன்படி 2021 பெப்ரவரி 1 முதல் 2022 ஜனவரி 31 வரை பிறந்தவர்களுக்கு 2027ஆம் ஆண்டு உரியது. 2022 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பிள்ளை 2028 வரை காத்திருக்க வேண்டும். அண்மைய ஆண்டுகளில் தவணை தொடங்கும் நாள் முன்பின்னாக நகர்ந்திருப்பதால், பாடசாலை திறக்கும் நாளை வைத்து வயதைக் கணக்குப் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். எந்தக் கணக்கையும் ஜனவரி 31ஐ வைத்தே பாருங்கள்.

நம் வீடுகளில் பிள்ளையின் பிறப்பை நினைவில் வைத்திருக்கும் முறை இந்த இடத்தில்தான் சிக்கலை உண்டாக்குகிறது. "தையில் பிறந்தவன்", "பொங்கல் கழிந்து பிறந்தவள்" என்றுதான் அம்மாயிமார் சொல்வார்கள். தை மாதமோ ஜனவரி நடுவில் தொடங்கிப் பெப்ரவரி நடுவில் முடிகிறது; வரம்புத் திகதி அதன் நட்டநடுவில் விழுகிறது. 2022இல் தைப்பூசம் ஜனவரி 18ஆம் திகதி வந்தது, 2023இல் பெப்ரவரி 5ஆம் திகதி வந்தது. இரண்டு தைப்பூசங்களிலும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒவ்வொரு பிள்ளை பிறந்திருந்தால், மூத்தது 2027இலும் இளையது 2029இலும் தரம் ஒன்றுக்குப் போகும். வீட்டார் ஒரு வயது வித்தியாசம் என்று நினைத்திருப்பது பாடசாலையில் இரண்டு ஆண்டாகிவிடும். ஆகவே பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள திகதியைத் தவிர வேறெதையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அந்தப் பத்திரத்தைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். அதில் பிறந்த திகதி ஓரிடத்திலும், பதிவு செய்த திகதி இன்னோரிடத்திலும் இருக்கும். பிறப்பைப் பதிவதற்கு 42 நாட்கள் அவகாசம் இருப்பதால் இரண்டுக்கும் இடையில் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி வருவது வழமையான விடயம். எனக்குத் தெரிந்த ஒரு தாய், ஜனவரி 28ஆம் திகதி பிறந்த மகனைச் சேர்ப்பதற்காக, கொழுந்து மலைக்குப் போகாமல் அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு, தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து இறங்கிப் பாடசாலைக்குப் போயிருக்கிறார். பத்திரத்தைக் கையில் வாங்கியவர் மார்ச் மாதப் பதிவுத் திகதியைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு வயது போதாது, அடுத்த வருஷம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார். தாயும் நம்பித் திரும்பினார். அடுத்த ஆண்டு போனபோது அதே இடத்தில், பிள்ளை ஆறு வயதைக் கடந்துவிட்டான் என்று சொன்னார்கள். முதல் ஆண்டு சொன்னதற்கு எழுத்தில் ஒரு வரிகூட அவர் கையில் இல்லை. ஒருவர் அவசரத்தில் தவறான கட்டத்தைப் படித்ததற்கு ஒரு குழந்தை ஓர் ஆண்டைக் கொடுப்பது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

ஆறு வயது பற்றிய விதியைப் பெற்றோர் பெரும்பாலும் அறிவதில்லை. ஜனவரி 31ஆம் திகதியன்று ஆறு வயதைக் கடந்திருக்கும் பிள்ளை, ஐந்து வயதினரைச் சேர்த்த பின்னும் இடம் எஞ்சியிருந்தால் மட்டுமே கவனத்தில் எடுக்கப்படும். எந்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் முன்னுரிமையோடு சேரக் கிடைப்பது ஒரே ஓர் ஆண்டுதான். பெப்ரவரியில் பிறந்த பிள்ளை அந்த ஆண்டை எட்டும்போது ஏறக்குறைய ஆறு வயதாகியிருப்பதால், பெற்றோர் முன்கூட்டியே விசாரித்து வைத்திருப்பார்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கோ அந்த ஆண்டு வீட்டார் எதிர்பாராத வேளையில் வந்துவிடுகிறது. விண்ணப்பம் வழமையாக முந்திய ஆண்டின் நடுப்பகுதியில் கோரப்படுகிறது. அப்போது அந்தப் பிள்ளைக்கு நாலரை வயது. இன்னும் பிள்ளைக்காம்பராவிலோ (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்திலோ) முன்பள்ளியிலோ இருக்கும். ஐந்து முடியட்டும் என்று காத்திருந்து ஜனவரியில் பாடசாலைக்குப் போனால், பட்டியல் முடிந்துவிட்டது என்ற பதிலே கிடைக்கும். பிள்ளைக்கு நான்கு வயது முடிந்ததும், அடுத்து வரும் அறிவித்தல் உங்களுக்கானதா என்று கணக்குப் பார்த்துவிடுங்கள்.

ஐந்து வயது இப்போதுதான் நிறைந்த பிள்ளை, ஆறை நெருங்கும் பிள்ளையோடு ஒரே வாங்கில் அமர்ந்து எழுதத் தொடங்கும்போது பின்தங்குவது இயல்பு. அது மந்தபுத்தி அல்ல, பதினொரு மாத வித்தியாசம். வகுப்பாசிரியரிடம் பிறந்த மாதத்தைச் சொல்லி வையுங்கள். ஆனால் "சின்னப் பிள்ளைதானே, ஒரு வருஷம் கழித்துச் சேர்க்கலாம்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனையை, மேலே சொன்ன ஆறு வயது விதியை நினைத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

பத்திரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அலைச்சல் பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது. தோட்டப்புறங்களில் பிள்ளையின் பெயர் எழுதப்படாமலே பிறப்புப் பதிவாகியிருப்பதும், தாய் தகப்பன் பெயர்கள் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருப்பதும் அடிக்கடி காணப்படுபவை. பெயரைச் சேர்ப்பதற்கும் பிழையைத் திருத்துவதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், விண்ணப்பம் கோரப்படும் வரை காத்திராமல் இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பிறப்பே பதியப்படவில்லை என்றால், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் காலங்கடந்த பதிவுக்கு உடனே விண்ணப்பியுங்கள். பதிவு எங்கு நடந்திருந்தாலும், பிரதியை அருகிலுள்ள பிரதேச செயலகத்திலேயே பெறலாம். கொழும்பில் பிறந்த பிள்ளைக்குக் கொழும்புக்கே போக வேண்டும் என்று சொன்னால், மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

நகரத்துப் பாடசாலைகளில் போட்டி அதிகம். அங்கு இடங்களில் பாதி அருகில் வசிப்போருக்கும், கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும், 15 வீதம் ஏற்கனவே அங்கு படிப்போரின் சகோதரர்களுக்கும் செல்கிறது. வசிப்பிடத்தை நிரூபிக்க முதலில் கேட்கப்படுவது வாக்காளர் இடாப்பு. லயத்தில் இருப்பவருக்குக் காணி உறுதி கிடையாது; தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தும் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாத நிலை அவருடையது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிசன், லயம், அறை இலக்கம் குறிப்பிட்டுத் தோட்ட முகாமையாளரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே பாடசாலையை நம்பியிருக்காமல், தோட்டப் பாடசாலைக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். தற்காலிகப் பட்டியல் பாடசாலையின் அறிவித்தல் பலகையில் போடப்படும். மேன்முறையீட்டுக்கான காலம் குறுகியது. உங்களுக்கு யாரும் தகவல் அனுப்பமாட்டார்கள் என்று எண்ணி நீங்களே போய்ப் பாருங்கள்.

மறுக்கப்பட்டால் வாய்ச்சொல்லோடு திரும்ப வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால், மறுத்தவரின் பதவி, நாள், நேரம், சொன்ன காரணம் ஆகியவற்றை நீங்களே எழுதி, வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளிலும் தமிழும் நிருவாக மொழி என்பதால், சிங்களத்தில் எழுதி வரச் சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப எவருக்கும் உரிமை இல்லை. பிள்ளை ஆறு வயதைக் கடந்துவிட்டாலும் கட்டாயக் கல்வி விதி அதற்கும் பொருந்தும். விரும்பிய பாடசாலை கிடைக்காமல் போகலாமே தவிர, பாடசாலையே இல்லாமல் வீட்டில் இருத்த முடியாது. இடமுள்ள பாடசாலையைக் காட்டுமாறு வலயப் பணிமனையிடம் கேளுங்கள்.

பிறந்த திகதியை ஜனவரிக்கு மாற்றித் தருவதாகத் தரகர்கள் வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். போலிப் பத்திரம் பிடிபட்டால் அனுமதி இரத்தாகும், வழக்கும் உங்கள் மேல்தான் வரும். அனுமதிக்காகப் பணம் கேட்பதும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கையால் தடுக்கப்பட்டது; கட்டட நிதி, நன்கொடை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கேட்டவரைப் பற்றி இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.